'ராகி மீல்' என்றால் ராகிச் சாப்பாடா, ராகி மாவா?

தொப்பூர்க் கணவாய் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு மகளிர் குழு ராகி அரைத்து அரைக்கிலோ பாக்கெட்டாகப் போடுகிறது. பாதிச் சரக்கு ஓசூர் கடைகளுக்குப் போகிறது. லேபிளில் ஆங்கிலத்தில் 'ராகி மீல்' என்று அச்சாகிவிட்டது. அதைப் பார்த்துத் தமிழில் 'ராகி உணவு' என்று சேர்த்திருக்கிறார்கள். இப்போது கடையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் எல்லாம் "இது வெந்நீர் ஊத்தினா போதுமா, இல்ல சமைக்கணுமா?" என்று கேட்கிறார்கள். உள்ளே இருப்பது வெறும் மாவு. களிக்கென்றே கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது, அவ்வளவுதான்.

அடுத்த அச்சுக்குக் கொடுப்பதற்குள் சில விஷயம் தெளிவாக வேண்டும். மீல் என்றால் சாப்பாடு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் ஓட்மீல், கார்ன்மீல், மாட்டுத்தீவனக் கடையில் சோயா மீல் என்றெல்லாம் வருகிறதே, அது அதே சொல்தானா? மாவில்தான் சாப்பாடு செய்கிறோம் என்பதால் மாவுக்கும் அந்தப் பேர் வந்ததா? மாவுக்கு ஃபிளவர் என்று போடுவதற்கும் மீல் என்று போடுவதற்கும் என்ன வித்தியாசம்? கடைசியாக, தமிழில் என்ன எழுதினால் சரியாக இருக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரூர் சொல்லாய்வு:

வணக்கம்ங்க. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று. ஆனால் சொல் இரண்டு. ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறாகத்தான் ஒலித்தன.

முதலில் சாப்பாட்டு மீல். அதன் பழைய உருவம் 'மேல்' என்பது போல இருந்தது. பந்தடிக்கிற பேட் இருக்கிறதே, அதில் வரும் ஏகாரத்தை இன்னும் நீட்டினால் அந்த ஓசை கிடைக்கும். அதற்கு முதலில் சாப்பாடு என்று பொருளே கிடையாது. அளவு, குறி என்பதுதான் பொருள். அளந்து குறித்தது என்பதால் 'குறித்த நேரம்' ஆயிற்று. அந்த நேரத்துக்கு உட்கார்ந்து உண்பதால் 'அந்த நேரத்துச் சாப்பாடு' ஆயிற்று. அதன் சகோதரச் சொற்கள் இன்றும் நேரத்தை விடவில்லை. ஜெர்மனில் 'மால்' என்றால் தடவை. 'ஐன்மால்' என்றால் ஒரு தடவை. அதே ஒலியில் உள்ள இன்னொரு 'மால்' சாப்பாடு. 'மால்ட்சைட்' என்றால் சாப்பாட்டு வேளை. மதிய நேரத்தில் எதிரே வருகிறவரைப் பார்த்து அதையே வணக்கம் மாதிரிச் சொல்கிறார்கள். இறந்துபோன காதிக் மொழியில் இந்தச் சொல்லுக்கு நேரம் என்றே பொருள்.

இது நமக்கு அந்நியமான வழி இல்லை. "மூணு வேளையும் களிதான்" என்கிறோம். அங்கே வேளை என்பது நேரமா, சாப்பாடா? இரண்டும்தான். "ஒரு வேளைக்குக் கூட வழியில்லை" என்றால் நேரம் இல்லை என்றா அர்த்தம்? புரட்டாசி சனிக்கிழமையில் 'ஒருபொழுது' இருக்கிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது என்ற காலச்சொல், ஒரு தடவை உண்டு இருக்கும் விரதத்துக்குப் பேராகிவிட்டது. சாப்பாட்டு மீலுக்கு உயிரோடு ஒட்டிய தமிழ் 'வேளை'தான். 'உணவு' என்பது மீலை விட ஃபுட் என்பதற்கு நெருக்கம்.

சேலம் ரோட்டு ஓட்டல்களில் 'அளவுச் சாப்பாடு' என்று போர்டு தொங்கும். மீல் என்ற சொல்லின் முதற்பொருளும் கடைசிப் பொருளும் அந்த இரண்டு வார்த்தையில் அருகருகே நிற்கின்றன. அதை எழுதிய பெயிண்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டியதே இல்லை.

இந்த மீலின் வேர் 'அளத்தல்' என்ற பொருள் கொண்ட மிகப் பழைய ஓரசை வேர். வடமொழியில் 'மா' என்ற வினையாக அது இருக்கிறது. அதிலிருந்து 'மாத்ரா', அதிலிருந்து நம் 'மாத்திரை'. இலக்கணத்தில் எழுத்தின் ஒலி அளவு, வைத்தியத்தில் மருந்தின் அளவு. ஆக, "மாத்திரை மூணு வேளை" என்று சீட்டில் எழுதும்போது மாத்திரை மீலுக்கு வேர்வழிச் சொந்தம், வேளை பொருள்வழிச் சொந்தம்.

பீஸ்மீல் என்று கேட்டிருப்பீர்கள். துண்டு துண்டாக, கொஞ்சம் கொஞ்சமாக என்று பொருள். அதில் வரும் மீலும் இந்த அளவு மீல்தான், சாப்பாடு இல்லை. 'சொட்டு அளவாக', 'துண்டு அளவாக' என்று பழைய ஆங்கிலத்தில் இப்படிப் பல கூட்டுச்சொற்கள் இருந்தன. புழக்கத்தில் தங்கியது பீஸ்மீல் ஒன்றுதான் என்றே சொல்லலாம்.

இனி மாவு மீல். இதன் பழைய உருவம் 'மெலு'. குறில். வேர் 'நசுக்கு, அரை' என்ற பொருளுடையது. ஜெர்மனில் மாவுக்கு 'மேல்', அரைப்பதற்கு 'மாலன்'. லத்தீனில் அரைக்கும் கல் 'மோலா'. அந்த மோலாவிலிருந்துதான் கடைவாய்ப்பல்லுக்கு மோலார் என்று பேர். அரைக்கிற பல் இல்லையா. ஆங்கில 'மில்' என்ற சொல்லும் அதே கல்லிலிருந்து வந்தது. ரோமானியரின் லத்தீனிலிருந்து கடனாக வாங்கியது. ஆகவே நம்மூர் மாவு மில் போர்டில் இருக்கும் மில்லும் ஓட்மீலில் இருக்கும் மீலும் ஒரே வேரின் இரண்டு கிளை. ஒன்று வீட்டிலேயே வளர்ந்தது, இன்னொன்று ஊர் சுற்றி வந்தது.

இரண்டும் எப்படி ஒன்றாயின? மெலு என்பதில் கடைசி உகரம் தேய்ந்துபோயிற்று. தேயும்போது முன்னால் இருந்த எகரம் நீண்டது. அப்படி நீண்டதும் அது முதல் சொல்லின் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு 15-ஆம் நூற்றாண்டிலிருந்து ஆங்கில நெடில்கள் எல்லாம் வாய்க்குள் ஒரு படி மேலே ஏறின. ஏகாரமாக இருந்தவை ஈகாரமாயின. அந்த ஏற்றத்தில் இரண்டும் கைகோத்து 'மீல்' ஆகிவிட்டன.

நம்மிடம் இதற்கு ஒரு அச்சான இணை உண்டு. 'மா' என்ற ஓரெழுத்தைப் பாருங்கள். அரைத்த பொடியும் மா, பழைய கணக்கில் இருபதில் ஒரு பங்கும் மா, அதே பேரில் நில அளவையும் உண்டு. மாவும் அளவும் ஒரே ஒலியில். கிருஷ்ணகிரிக்காரர்கள் மாமரத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். இதில் பொடியும் அளவும் மரமும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கவில்லை, ஒலி ஒத்துப்போயிற்று. ஆங்கில மீலும் அதே கதை.

ஓட்மீல், கார்ன்மீல், ஹோல்மீல், சோயா மீல் அனைத்திலும் வருவது மாவு மீல். இதைத் தமிழ் எப்போதோ சரியாகப் பிடித்துவிட்டது. மல்பெரியிலும் மரவள்ளியிலும் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டும் பூச்சி ஆங்கிலத்தில் மீலி பக். 2008-இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்டு, அங்கிருந்து பரவியபோது இங்கே பட்டு விவசாயிகள் யாரும் அதை 'சாப்பாட்டுப்பூச்சி' என்று சொல்லவில்லை. மாவுப்பூச்சி என்றுதான் சொன்னார்கள். உங்கள் லேபிளுக்கும் விடை அதுவே.

பாலக்கோடு மாவுமில்:

அரூர் ஐயா வேரைச் சொல்லிவிட்டார். ஃபிளவர், மீல் வித்தியாசத்தை அரைக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தொழிலில் இரண்டு விஷயத்தைப் பார்த்துத்தான் மீல் என்பார்கள். ஒன்று, கொரகொரப்பு. இரண்டு, சலித்துத் தவிட்டைப் பிரிக்காமல் முழுதாக இருப்பது. கார்ன்மீலில் முதலாவது முக்கியம். பிரிட்டனில் ஹோல்மீல் என்று விற்கும் கோதுமை மாவு சன்னமாகவும் இருக்கலாம், அதில் இரண்டாவதுதான் முக்கியம். ஃபிளவர் என்பது அதற்கு எதிர்ப்பக்கம். சலித்து எடுத்த நயமான பாகம். அந்தச் சொல்லே பூ என்ற ஃபிளவர்தான். மாவில் சிறந்த பாகத்தை 'மாவின் பூ' என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னது ஆங்கிலத்துக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டிலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டில் எழுதினார்கள். நாமும் "மாவு பூ மாதிரி விழுது" என்றுதானே சொல்கிறோம்.

ராகியை இந்தக் கணக்கில் வைத்தால் அது பிறவியிலேயே மீல். காரணம் இருக்கிறது. நெல்லைத் தீட்டினால் தவிடு போய் அரிசி நிற்கும். ராகியில் மேல்தோல் உள்பருப்போடு இறுக ஒட்டியிருக்கும், உள்பருப்போ மெத்தென்று நொறுங்கும். தீட்டப் போனால் தோலோடு பருப்பும் சேர்ந்து தூளாகிவிடும். அதனால்தான் ராகிச் சோறு என்று தனியே ஒன்று வழக்கத்தில் இல்லை. முழுதாக அரைத்துக் களி, கூழ், ரொட்டி, அடை என்று போனார்கள். தோலும் மாவோடு வருவதுதான் நல்லது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது என்றால், அதில் பெரும்பங்கு தோல் பக்கம்தான். துணியில் வஸ்திரகாயம் செய்தால் நிறம் வெளுக்கும், சத்து சக்கையோடு போகும். குழந்தைக்குக் கூழ் காய்ச்ச அப்படிச் செய்வது வேறு விஷயம்.

குழு கவனிக்க வேண்டியது லேபிளை விட முன்னாலேயே ஆரம்பிக்கிறது. கல், மண் போக அரித்துக் கழுவிய ராகி, பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடைகிற அளவு காயணும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈர ராகியை விட்டால் கல் இடுக்கில் பிசினாக அப்பும், மாவு சூடேறும், ஒரு பக்கம் சன்னமாகவும் ஒரு பக்கம் குறுணையாகவும் விழும். காய்ந்த ராகியே ஆனாலும் கல்லை ரொம்ப இறுக்கினால் மாவு கை பொறுக்காத சூட்டில் வரும். அந்தச் சூட்டோடு பாக்கெட்டை ஒட்டினால் உள்ளே வேர்த்து, நாலு நாளில் ஓரமெல்லாம் கட்டி தட்டி, பூஞ்சை வாடை வரும். பரப்பி முழுக்க ஆறவிட்டுத்தான் பாக்கெட் போடணும். ராகியில் எண்ணெய்ச்சத்து குறைவு, அதனால் கம்பு மாவு மாதிரி சீக்கிரம் கசக்காது. ஆனால் ஈரம் விட்டுவைக்காது.

களிக்கு அளவு: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் தேய்த்தால் பவுடர் மாதிரி வழுக்கக் கூடாது, பொடிமணல் மாதிரி நெரணும். ஏன் என்றால் ரொம்ப நைஸ் மாவு தண்ணீரைத் தொட்டதும் வெளிப்பக்கம் வெந்து பசையாகி மூடிக்கொள்ளும். உள்ளே மாவு உலர்ந்தபடியே இருக்கும். களியைப் பிட்டால் நடுவில் வெள்ளைக் கட்டி தெரிகிறதே, அது இதுதான். பொடிமணல் பதத்தில் இருந்தால் இடுக்கில் தண்ணீர் இறங்க வழி இருக்கும்.

பாக்கெட் பின்பக்கம் செய்முறை போடுவதாக இருந்தால் இந்த அளவைப் போடலாம். மாவு 2 டம்ளர், அரிசி நொய் அரை டம்ளர், தண்ணீர் 5½ டம்ளர், உப்பு. தண்ணீர் கொதித்ததும் கழுவிய நொய்யைப் போட்டுக் குழையவிட வேண்டும். நொய் அரைவேக்காட்டில் இருக்கும்போது மாவு போட்டால் பிறகு அது வேகாது, பல்லில் தட்டும். குழைந்ததும் மாவை நடுவில் மேடாகக் கொட்டி, துடுப்புக் காம்பால் அடி வரை ஒரு ஓட்டை போட்டு, தீயைக் குறைத்து 7, 8 நிமிஷம் கிண்டாமல் விட வேண்டும். கொதி அந்த ஓட்டை வழியாக மேலே வந்து மாவை நனைக்கும். இந்தப் பொறுமை இல்லாமல் உடனே கிண்டுவதுதான் கட்டிக்குப் பாதிக் காரணம். பிறகு இறக்கி வைத்து, சட்டியை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் அழுத்தி அழுத்தி ஒரே பக்கமாகக் கிண்ட வேண்டும். இறுகலாக இருந்தால் வெந்நீர் மட்டும், பச்சைத்தண்ணீர் கூடாது. கையை நனைத்துக் களியைத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் மூடி, சிறுதீயில் இன்னும் 3 நிமிஷம். கோதுமையில் இருக்கும் இழுவைப்பசை ராகியில் இல்லை. உருண்டையை உருண்டையாகப் பிடித்து நிறுத்துவது வெந்த மாவுச்சத்து ஒன்றுதான். வேகாவிட்டால் உருண்டை நிற்காது, தட்டில் பரவும்.

வேர்த்தமிழ்:

நல்ல விளக்கங்கள். ஆனால் எல்லோரும் வெளியிலேயே தேடுகிறீர்களோ என்று தோன்றுகிறது. தமிழில் 'மெல்' என்றால் பல்லால் அரைப்பது. மெல் – மெலு – மீல். மோலார் பல்லும் மெல்லுகிற பல்தானே! ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தும்போது ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று கொள்வதில் என்ன தடை? அரூர் ஐயா சொல்ல வேண்டும்.

அரூர் சொல்லாய்வு:

நண்பரே, கேட்டது நல்லது. மெல், மெலு பொருத்தம் கண்ணைப் பறிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒலி ஒத்திருப்பது ஒரு சாட்சி மட்டும். அது ஒன்றை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

நம் பக்கத்து உதாரணமே போதும். நம் பால் ஓசூர் தாண்டினால் ஹாலு. பல் ஹல்லு. புலி ஹுலி. பகரம் சொல்லின் முதலில் வந்தால் கன்னடத்தில் ஹகரம். ஒரு சொல்லில் இல்லை, வரிசையாக. இந்த வரிசைதான் உறவுக்குச் சாட்சி. ஆங்கிலத்துக்கும் லத்தீனுக்கும் இதே மாதிரி ஒரு வரிசை உண்டு. லத்தீனில் ப என்று தொடங்குவது ஆங்கிலத்தில் ஃப என்று தொடங்கும். பாதர் – ஃபாதர், பிஸ்கிஸ் – ஃபிஷ், பாதத்தைக் குறிக்கும் பெத் – ஃபுட். சாப்பிடும் ஃபுட் இருக்கிறதே, அதுவும் இந்த வரிசைக்குள் வருகிறது. லத்தீனில் ரொட்டிக்கு 'பானிஸ்', மேய்ப்பதற்கு 'பாஸ்கெரே'. காத்து வளர்த்தல், தீனி கொடுத்தல் என்ற ஒரே வேர்.

தமிழ் மெல் ஆங்கிலத்துக்குப் போனது என்று சொல்ல, அப்படி ஒரு வரிசை வேண்டும். தமிழில் மெ என்று தொடங்கும் அடிப்படைச் சொற்கள் பத்தாவது ஆங்கிலத்தில் அதே முறையில் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. மெல்ல, மென்மை, மெய், மெலிவு எதற்கும் அங்கே இணை இல்லை. அடுத்து, பொருள். 'மெலு' பல் வேலையைக் குறித்த சொல் இல்லை, கல் வேலையைக் குறித்தது. பல்லுக்கு அந்தப் பேர் பின்னால், அதுவும் லத்தீனில், கல்லைப் பார்த்து வைத்தது. மூன்றாவது, 'மெலு'வுக்கு ஜெர்மன், டச்சு, நார்டிக் மொழிகளில் அடுத்தடுத்த வீட்டில் உடன்பிறந்தவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு பேரையும் தாண்டித் தமிழுக்கு வர வழி இல்லை.

தமிழ் மெல் தன் சொந்த வீட்டில் நன்றாகவே இருக்கிறது. மெல்லு, மென்றான், மெல்லுதல் என்று அதற்கு இரண்டாயிரம் ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. ஆங்கிலத்துக்குத் தந்தை என்ற பட்டம் அதற்குத் தேவையில்லை. எந்தச் சொல்லுக்கும் பார்க்க வேண்டியது இந்த மூன்றும்தான்: கிடைக்கிற பழைய உருவம், பக்கத்து மொழி உடன்பிறப்புகள், ஒலி வரிசை. ஓசை அழகு கடைசியில்.

லேபிளில் 'உணவு' எப்படி வந்தது என்பதற்கும் ஒரு காரணம் தெரிகிறது. அரசு மொழிபெயர்ப்பில் மீல் என்றால் உணவு என்று பழகிவிட்டது. 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம், 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம், 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம். அங்கே உணவு என்பது மிகச் சரி, அது வேளைச் சாப்பாட்டு மீல். அதே கைப்பழக்கம் மாவுப் பாக்கெட்டுக்கும் வந்துவிட்டது.

காவேரிப்பட்டினம் தீவனம்:

தீவன மூட்டையில் வரும் மீலைப் பற்றி ஒன்று. இங்கே வெறும் 'மாவு' என்று தமிழாக்கினாலும் தப்பாகும், காசுக்கும் நஷ்டம்.

சோயா மீல், பருத்திக்கொட்டை மீல் என்று மூட்டையில் இருந்தால் பெரும்பாலும் அது எண்ணெய் முழுக்க எடுத்த பிறகு நிற்கும் தூள். எக்ஸ்பெல்லரில் பிழிந்த புண்ணாக்கில் 6 முதல் 8 சதவீதம் எண்ணெய் மிச்சம் இருக்கும், மரச்செக்கில் ஆட்டியதில் இன்னும் கூடுதல். கரைப்பான் ஊற்றி எண்ணெயை உருவிய மீலில் 1 சதவீதம் அளவுதான் நிற்கும். புரதம் மீலில் அதிகம் – நல்ல சோயா மீல் என்றால் 44 முதல் 48 சதவீதம். ஆனால் எண்ணெய் தரும் தெம்பு குறைவு. புண்ணாக்கு வாங்குகிற நினைப்பில் மீலை வாங்கி, அதே அளவு ஊறவைத்துப் போட்டால் மாட்டுக்குப் புரதம் ஏறும், சக்தி இறங்கும். மக்காச்சோளக் குருணையோ தவிடோ சேர்த்து ஈடுகட்டணும். அதனால் தமிழில் 'எண்ணெய் நீக்கிய சோயாப் புண்ணாக்கு' என்று முழுசாக எழுதுவதுதான் நேர்மை. ஃபிஷ் மீல் என்பது மீன்தூள், போன் மீல் எலும்புத்தூள். இவற்றுக்குக் கடைப்பேச்சிலேயே சரியான பேர் இருக்கிறது.

மூட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் ஃபீட் என்பது வேறு. அது ஃபுட் என்ற சொல்லிலிருந்தே வந்தது என்று படித்திருக்கிறேன். ஃபாடர் என்கிற தட்டைத்தீவனமும் அதே குடும்பம். சரிதானே ஐயா?

அரூர் சொல்லாய்வு:

சரிதான். ஃபுட்டைப் பிறருக்குக் கொடுப்பது ஃபீட். நாம் உண் என்பதிலிருந்து ஊட்டு என்று செய்துகொள்வதைப் போல அவர்கள் உயிரெழுத்தை மாற்றிச் செய்துகொண்டார்கள். ஃபாடரும் வளர்ப்புப் பிள்ளைக்குச் சொல்லும் ஃபாஸ்டரும் அதே வீடு.

ஓசூர் மும்மொழி:

ஓசூர் கடைக்குப் போகிற சரக்கு என்பதால் கன்னடம், தெலுங்கு பக்கமும் பார்த்துவிடுங்கள். தெலுங்கில் 'ராகி பிண்டி' என்றால் மாவு, 'சங்கடி' என்றால் களி. குழப்பம் வராது. கன்னடத்தில்தான் கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும். 'ஹிட்டு' என்றால் மாவு. ஆனால் பழைய மைசூர்ப் பக்கத்துப் பேச்சில் களி உருண்டைக்கும் ஹிட்டு என்றே சொல்வார்கள். 'ஹிட்டம் திந்தம் பெட்டம் கித்திட்டம்' – ஹிட்டு தின்றவன் மலையைப் பிடுங்கி வைத்தான் – என்ற பழமொழியில் வருவது மாவு இல்லை, களிதான். மாவின் பேரே சாப்பாட்டின் பேராகிவிட்டது. தொப்பூர்க்காரர் மீலுக்கு நடந்திருக்கும் என்று சந்தேகப்பட்டது ஆங்கிலத்தில் நடக்கவில்லை, 40 கிலோமீட்டர் தள்ளி பெங்களூர்ப் பக்கம் நடந்திருக்கிறது! கன்னடம் சேர்ப்பதாக இருந்தால் களிக்கு 'முத்தே' என்ற சொல்லைப் பின்பக்கம் செய்முறையில் மட்டும் வையுங்கள், முன்பக்கம் 'ராகி ஹிட்டு' போதும்.

விதியையும் சொல்லிவிடுகிறேன். 2020 உணவு லேபிள் விதிமுறைப்படி கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழ், கன்னடம் எது வேண்டுமானாலும் போடலாம். ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதுதான் சிக்கல். இப்போதைய லேபிளில் ஆங்கிலம் மாவு என்கிறது, தமிழ் உணவு என்கிறது. ஆங்கிலத்திலும் மீலை எடுத்துவிடுங்கள் என்பேன். சொல் தப்பில்லை, ஆனால் இந்த ஊரில் மீல் என்றால் வாழையிலை மீல்ஸ்தான் கண்ணுக்கு வரும். "ஒரு மீல்ஸ்" என்று ஒருமையிலும் ஸ் சேர்த்துச் சொல்லி அதைத் தமிழ்ச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம். 'ராகி ஃபிளவர் – கோர்ஸ்' என்றால் யாருக்கும் சந்தேகம் வராது.

தொப்பூர்க் கணவாய்:

ரொம்ப நன்றி. குழுவிலுள்ள அக்காக்களிடம் படித்துக் காட்டினேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் 'ராகி களி மாவு', அதற்குக் கீழே சின்னதாக 'கொரகொரப்பாக அரைத்தது, சலிக்காதது. சமைத்து உண்ணவும்', ஆங்கிலத்தில் ஓசூர் நண்பர் சொன்னபடி – இப்படி முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு சந்தேகம் மிச்சம். ராகி என்று போடுவதா, கேழ்வரகு என்று போடுவதா? 'களி மாவு' என்றால் கூழுக்கும் ரொட்டிக்கும் ஆகாது என்று நினைத்துவிடுவார்களா?

அரூர் சொல்லாய்வு:

இரண்டையும் போடுங்கள். தருமபுரியிலும் ஓசூரிலும் வாயில் வருவது ராகி. கன்னடம், தெலுங்கு பேசுகிறவருக்கும் அதே சொல். மற்ற மாவட்டத்துக்குப் போனால் கேழ்வரகு, கேவுரு, கேப்பை, ஆரியம் என்று மாறும். எல்லாருக்கும் பொதுவான எழுத்துத்தமிழ் கேழ்வரகு. முன்பக்கம் ராகி, பின்பக்கம் 'சேர்பொருள்: கேழ்வரகு 100 சதவீதம்' என்றால் சரியாகிவிடும்.

பாலக்கோடு மாவுமில்:

கூழுக்கு இந்தப் பதம் நன்றாகவே இருக்கும், முதல் நாள் ராத்திரி கரைத்துப் புளிக்க வைத்தால் சரி. ரொட்டிக்கு ஓரம் வெடிக்கும். வெந்நீர் தெளித்துப் பிசைந்து கால் மணி நேரம் மூடி வைத்தால் குறையும். அதை ஒரு வரி பின்பக்கம் போட்டுவிடுங்கள். பாக்கெட் போட்ட தேதியோடு 'அரைத்த நாள்' என்று தனியாக ஒரு வரியும் இருக்கட்டும். களி மாவு வாங்குகிறவர் முதலில் தேடுவது அதைத்தான்.